நாக்குக்கு அடியில் யாரும் மஞ்சள் பூசுவதில்லை

மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்து இந்தத் தீவுகளின் வார்டுகளில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: இங்கே முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதில் என்னிடம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

வந்த புதிதில் நீங்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறீர்கள். காய்ச்சல் என்றதும் மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கச் சொல்கிறீர்கள். ஃபிஜியில் மலேரியா இல்லை, அதைப் பரப்பும் கொசுவும் இல்லை. செவிலியர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நான் சொல்லப்போகும் தவறு அப்படிச் சரியாகாது. அதை ஒரு ஃபிஜிய டாக்டர் செய்ய மாட்டார். பர்மாவிலிருந்து வந்தவரோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவரோ செய்ய மாட்டார். தமிழ் வீட்டில் வளர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நான் செய்தேன்.

மருத்துவம் படிக்கப் போகுமுன் இரண்டு ஆண்டுகள் சுவாவில் ஒரு செய்தித்தாளில் நிருபராக இருந்தேன். நீதிமன்றம், சாலை விபத்து, கரும்பு லாரி கவிழ்ந்தது, இவைதான் என் பங்கு. எங்கள் செய்தி ஆசிரியர் என் தாளை வாங்கி ஒவ்வொரு வரியின்மேலும் பென்சிலை வைப்பார். "இதைப் பார்த்தாயா, யாரிடமாவது கேட்டாயா, நீயாக நினைத்தாயா?" என்பார். நினைத்தேன் என்றால் அந்த வரி போய்விடும். பல நாள் என் செய்தியில் தலைப்பும் ஊர்ப்பெயரும்தான் மிஞ்சும். மருத்துவமனைக்கு வந்ததும் அந்தப் பென்சிலிடமிருந்து தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பத்தேழில் மே மாதம், இந்தியர்களின் ஆதரவோடு வந்த அரசைக் கவிழ்த்து, ஃபிஜியர்களின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்போது நான் வனுவா லேவு தீவில், லம்பாசாவிலிருந்து சற்றுத் தள்ளி, கரும்பு வயல்களுக்கு நடுவே ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்தேன். நாங்கள் நான்கு டாக்டர்கள். ஜூனில் ஒருவர் விடுப்பில் ஆக்லாந்து போனார், திரும்பவில்லை. ஜூலையில் ஒருவர் சொல்லிவிட்டே போனார். மூன்றாமவர் ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்கான உடல் பரிசோதனைக்காகச் சுவாவுக்குப் போயிருந்தார். நோய் பார்ப்பவர் தானே வரிசையில் நின்று நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளும் காலம் அது. என் விண்ணப்பமும் மேசை இழுப்பறையில் பாதி நிரப்பி இருந்தது. யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று காலையில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அதே சமயம் டெங்கு பரவியிருந்தது. டைபாய்டும் இருந்தது. மழை விட்ட வயல்களில் எலிக்காய்ச்சலும் இருந்தது. பாடப்புத்தகம் காய்ச்சல்களைக் கிருமியின்படி பிரிக்கிறது: இது வைரஸ், இது பாக்டீரியா, இது ஒட்டுண்ணி. அல்லது வந்த வழியின்படி: கொசுவால், தண்ணீரால், உணவால். பிரிவுகள் அழகானவை. ஆனால் நோயாளி எந்தப் பிரிவிலிருந்தும் வருவதில்லை. அவர் லாரியின் பின்பக்கத்திலிருந்து இறங்கி வருகிறார். முதல் மூன்று நாள் எல்லாருக்கும் காய்ச்சல், எல்லாருக்கும் தலைவலி, எல்லாருக்கும் உடம்பு வலி. பிறகுதான் ஒவ்வொரு நோயும் தன் முகத்தைக் கொஞ்சம் காட்டும். கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் தடிப்பு, ஈறில் ரத்தம் என்றால் டெங்குவை நினைப்போம். படிப்படியாக ஏறிக் கீழே இறங்காத காய்ச்சல், மந்தமான முகம் என்றால் டைபாய்டு. பீளை இல்லாமல் சிவந்த கண், தொட்டால் துடிக்கும் கெண்டைக்கால், பிறகு காமாலை, பிறகு குறைந்துபோகும் சிறுநீர் என்றால் எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் இருக்கும் சிறு வெடிப்பு வழியாகக்கூட அது உள்ளே போகும். உறுதிப்படுத்த ரத்தத்தைச் சுவாவுக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்போது நோயாளி வீட்டில் இருப்பார், அல்லது சுடுகாட்டில்.

ஆகவே கண்ணாலும் கையாலும் தொழிலை வைத்தும் பிரித்தோம். கரும்பு வெட்டுகிறவரா, எலிக்காய்ச்சலை நினை. ஊருக்குள் கடையில் இருப்பவரா, டெங்குவை நினை. இதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. அதாவது, நான் அப்படி நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை புறநோயாளிகள் பெஞ்சு நிறைந்து ஆட்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் முன்சாமி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கரும்பு போடுகிறவர். இடுப்பில் மஞ்சள் வேட்டி, மேலே சட்டையில்லை, நெற்றியிலிருந்து வயிறு வரை மஞ்சள் பூச்சு, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டியவர். பத்து நாள் கோயிலிலேயே தங்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, விடியலில் ஆற்றுக் குளியல், வெறுங்கால். ஞாயிற்றுக்கிழமை நெருப்பு.

அவர் மனைவி தேவகி முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"டாக்டர், நாலு நாளா பொகார் வுடல. ஒடம்பு அடுப்பாட்டம் இருக்குது." பொகார் என்பது இந்தியிலிருந்து வந்த எங்கள் காய்ச்சல்.

"கரும்பு வெட்டுக்குப் போனாரா?"

"எங்க போறது? இந்த வருசந்தான் அல்லாரும் வெட்ட மாட்டோம்னு நிறுத்தி வெச்சிருக்காங்களே. கன்னா அப்படியே நிக்குது."

ராணுவக் கலகத்துக்கு எதிர்ப்பாக விவசாயிகள் கரும்பு வெட்டை நிறுத்தியிருந்த ஆண்டு அது. வெட்டவில்லை, ஆகவே எலிக்காய்ச்சல் இல்லை என்று மனதில் ஒரு கோடு போட்டேன். வெட்டாமல் நிற்கும் கரும்பில் எலி இரட்டிப்பாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்கள் சிவந்திருந்தன. "புகையா?" என்று கேட்டேன். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்தேன்.

"ஆமா டாக்டர். வெறகுப் பொகை," என்றார் முன்சாமி.

கெண்டைக்காலை அழுத்தினேன். "அம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டார். பிறகு தானே சிரித்தார். "ராவும் பகலும் ஆத்தா மேல வந்து ஆட வெச்சா, காலு வலிக்காதா?"

"ஒண்ணுக்குப் போறீங்களா?"

"கம்மிதான்."

"விரதத்துல தண்ணி சரியா குடிக்கிறதில்ல," என்று அதையும் நானே முடித்துவைத்தேன். எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன். தேவகி சொன்னார்: "வான்கூவர்ல இருக்கற எங்க அண்ணன், நாங்களும் அங்க போயி இருக்கறதுக்குப் பேப்பர் போட்டாரு. வந்துட்டா நெருப்பு மிதிக்கிறேன்னு இவரு வேண்டிக்கினாரு. போன மாசம் வந்திடுச்சு."

"அவ அண்ணன் பேப்பரு, என் காலு," என்றார் முன்சாமி. மூன்று பேரும் சிரித்தோம்.

பக்கத்தில் வார்டு சிஸ்டர் நின்றிருந்தார். பூர்வகுடி ஃபிஜியப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். லம்பாசாப் பக்கத்து ஃபிஜியர்கள் பலரைப் போல இங்குள்ள இந்தியர்களின் பொதுமொழியான எங்கள் இந்தியை எங்களைப்போலவே பேசுவார். அவர் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

"ஒரு கட்டில் காலியா இருக்கு, டாக்டர்."

"காப்புக் கட்டியிருக்கு, சிஸ்டர். ஞாயிறு வரைக்கும் கோயிலை விட்டு வெளியில தங்கக் கூடாது. தங்கினா வேண்டுதல் முறிஞ்சுபோகும்."

"ரொம்ப மஞ்சளா இருக்காரே."

"அது மஞ்சள்தான். கறியில போடறது."

"தெரியும். நானும் கறி வைக்கிறவதான்," என்றார். பிறகும் முன்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க விஷயம், சிஸ்டர். உங்களுக்குப் புரியாது," என்றேன்.

அந்த ஆண்டு, அந்த நாட்டில், ஓர் இந்தியன் ஒரு ஃபிஜியரிடமோ ஒரு ஃபிஜியர் ஓர் இந்தியனிடமோ சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சாலையில் துப்பாக்கியோடு நின்றவர்களும் இதையேதான் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் அடுத்த சீட்டை எடுத்தார்.

நோயாளிக் குறிப்பில் நான் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது: "டெங்கு போலிருக்கிறது. மஞ்சள்: கோயில். கண்: புகை. கால்: ஆட்டம். சிறுநீர் குறைவு: விரதம்." காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். அன்று நான் பார்த்த மற்ற ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அவரிடம் மட்டும் இல்லை. எலிக்காய்ச்சலின் நான்கு அடையாளங்களும் ஒரே உடம்பில் வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தன. நான்குக்கும் என்னிடம் தனித்தனியாக விளக்கம் இருந்தது.

சனிக்கிழமை சிஸ்டருக்கு விடுமுறை. மத்தியானம் என் குடியிருப்பின் கதவைத் தட்டினார். வீட்டு உடையில் இருந்தார். கையில் மருத்துவமனை ஜீப்பின் சாவி.

"அந்த மஞ்சள்காரரைப் பார்க்கப் போலாமா?"

"ஏன்?"

"கண்ணுல சிவப்புக்குப் பின்னாடி வேற ஒரு நிறம் இருந்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். நேத்துலேர்ந்து எனக்குக் குழப்பமாவே இருக்கு. உங்களுக்கு இல்லையா?"

"எனக்கு இல்லை," என்றேன்.

"அதுதான் எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு," என்றார்.

நான் போனதற்கு நல்ல காரணம் எதையும் சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது, மாலை வார்டு பார்க்கும்வரை வேறு வேலை இல்லை. முந்தின நாள் சொன்ன வாக்கியம் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது என்று இப்போது எழுதினால் செய்தி ஆசிரியரின் பென்சில் வந்துவிடும்.

பாலத்தருகே சோதனைச் சாவடி. சிப்பாய் ஜன்னலுக்குள் குனிந்தான். சிஸ்டர் அவனிடம் ஃபிஜி மொழியில் என்னவோ கேட்டார், அவன் நிமிர்ந்து வழிவிட்டான். "என்ன சொன்னீங்க?" என்றேன். "அவங்க அம்மாவுக்குப் புண் ஆறிடுச்சான்னு கேட்டேன்," என்றார்.

கோயில் வளாகத்தில் ஜீப் நின்றதும் மேளம் நின்றது. கலகம் நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஃபிஜியர் யாரும் அங்கே வந்திருக்கவில்லை. "இவ எதுக்கு வந்திருக்கா?" என்று ஒரு குரல். "கோயில மூடச் சொல்லவா?" என்று இன்னொன்று. சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எதுவும் புரியாமல் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றினார், குழாயடியில் காலைக் கழுவினார், பிறகு உள்ளே வந்தார். நான்தான் செருப்போடு இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

முன்சாமி தகரக் கொட்டகையில் பாயில் கிடந்தார். சுற்றிலும் காப்புக் கட்டிய மற்றவர்கள், எல்லாரும் மஞ்சள். அந்த வரிசையில் அவரைத் தனியாகக் கண்டுபிடிக்க எனக்கே சற்று நேரம் பிடித்தது. சிஸ்டர் தேவகியிடம் ஒரு வெள்ளைத் துணியும் வாளியில் தண்ணீரும் கேட்டார். முன்சாமியின் நெஞ்சைத் துடைத்தார். துணி மஞ்சளானது. அலசிப் பிழிந்து மறுபடி துடைத்தார். துணியில் இளமஞ்சள். மூன்றாம் முறை துணி வெள்ளையாகவே வந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி விரித்துப் பிடித்தார். நெஞ்சு மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

நான் பாயருகே மண்டியிட்டேன்.

"நாக்கைத் தூக்குங்க," என்றேன். தூக்கினார். நாக்குக்கு அடியில் யாரும் மஞ்சள் பூசுவதில்லை. அங்கே வாழைப்பழத் தோலின் நிறம் இருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?"

"நேத்துக் காலையில," என்றார் தேவகி. "உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி."

ஒரு முழு நாள். அந்த நாளை நான்தான் மாத்திரையோடு கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

உடனே கிளம்ப வேண்டும் என்றேன். முன்சாமி வர மறுத்தார். பேசவே மூச்சு வாங்கியது, ஆனால் மறுப்பு தெளிவாக இருந்தது. "நாளைக்கு நெருப்பு. இப்ப வெளிய போயி தங்கினா வேண்டுதல் போச்சு. பேப்பரு குடுத்த ஆத்தா சும்மா வுடுவாளா? எனக்குன்னா பரவால்ல. புள்ளைங்க மேல வந்தா?"

சிறுநீரகம், கல்லீரல், விஷம் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தேவகி என்னைப் பார்த்தார். ஆளைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன். அந்தக் கூட்டத்தில், ஒரு ஃபிஜியப் பெண் பக்கத்தில் நிற்க, காப்புக் கட்டியவரைக் கட்டாயமாகத் தூக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சிஸ்டர் என் முழங்கையைத் தொட்டார்.

"வெளியில தங்கக்கூடாதுன்னு பூசாரி சொன்னாரா?"

"அது வழக்கம்."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பூசாரி வாரநாட்களில் சர்க்கரை ஆலையில் தச்சர். நெருப்புக் குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். சொன்னேன்.

"யாரு சொன்னது வெளிய தங்கக் கூடாதுன்னு?"

"எங்கம்மா," என்றேன்.

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பூசாரி சிரிக்கவில்லை. குனிந்து முன்சாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். "டேய், காப்பு எங்க கட்டினேன்? கையிலயா, கோயில்லயா? கையி எங்க போவுதோ காப்பும் அங்க போவும். உசுரோட இருந்தா அடுத்த வருசம் மிதி. ஆத்தா எங்கடா போயிடப் போறா? அவளுக்கென்ன பேப்பரா வந்திருக்கு?"

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். தேவகி அழுதுகொண்டே சிரித்தார். நான்கு பேர் பாயோடு தூக்கி ஜீப்பில் வைத்தார்கள்.

சிகிச்சையை நீங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். பென்சிலின் போட்டோம். அது எலிக்காய்ச்சலா என்று தெரிந்து போடவில்லை. எலிக்காய்ச்சலாக இருந்து போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து போட்டோம். இரண்டும் வேறு. ஊசி ஏற்றச் சரியான நரம்பு காப்புக் கயிற்றுக்கு அடியில் இருந்தது. நான் கத்தரியைத் தேடினேன். சிஸ்டர் கயிற்றை அறுக்காமல் முழங்கைப் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமைக் குறிப்பை எடுத்து அடிக்கப் போனேன். சிஸ்டர் முந்திக்கொண்டிருந்தார். என் வரிகளை அவர் அடிக்கவில்லை. அவற்றுக்குக் கீழே தேதியிட்டு எழுதியிருந்தார்: "மூன்று முறை துடைத்தேன். துணி வெள்ளை. தோல் மஞ்சள்." பார்த்தது மட்டும் இருந்தது. என் நான்கு வரிகளில் ஒன்றுகூடப் பார்த்தது இல்லை என்று அப்போதுதான் கண்டேன்.

சுவாவுக்கு அனுப்ப விமானத்தில் இடம் கேட்டோம். புதன்கிழமைதான் என்றார்கள். தீவிலிருந்து கிளம்பும் எல்லா இடங்களும் நாட்டைவிட்டுப் போகிறவர்களிடம் இருந்தன. ஞாயிறு முழுவதும் சிறுநீர் அளக்கும் ஜாடியில் ஒன்றும் சேரவில்லை. கோயில் மேளம் காற்றில் வந்துபோனது. மேளம் உச்சத்துக்குப் போனபோது முன்சாமி போர்வைக்குள் பாதங்களை அசைத்தார் என்று தேவகி சொன்னார். நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நீர் எவ்வளவு ஏற்றுவது என்று நானும் சிஸ்டரும் மூன்று முறை வாதாடினோம். ஏற்றாவிட்டால் சிறுநீரகம் வற்றும், கூடினால் நுரையீரலில் தேங்கும். யார் சொன்னது சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது. செவ்வாய் காலை ஜாடியில் தேநீர் நிறத்தில் அரை டம்ளர் இருந்தது. சிஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோயிலில் தீர்த்தம் காட்டுவதுபோல தேவகிக்குக் காட்டினார். புதன்கிழமை விமான இடம் அவருக்குத் தேவைப்படவில்லை, அதை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

நாங்கள் அனுப்பிய ரத்தத்துக்கு முடிவு வரவே இல்லை. மூன்று முறை எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையைச் செய்தவர் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார் என்று கடைசியில் தெரிந்தது. ஆகவே அது எலிக்காய்ச்சல்தான் என்று என்னிடம் தாள் எதுவும் இல்லை. ஆற்றில் வந்ததா, வயலில் வந்ததா, கோயில் மடப்பள்ளி அரிசி மூட்டையில் வந்ததா தெரியாது. அதே ஆற்றில் குளித்த மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை, தெரியாது. மருந்து காப்பாற்றியதா, தானே தேறினாரா, தெரியாது. உங்கள் பெரும்பாலான நோயாளிகளைப் பற்றி உங்களுக்கு இவ்வளவுதான் தெரியப்போகிறது. அதோடு வேலை செய்யப் பழகுங்கள்.

அடுத்த ஆண்டு, குடியேற்றப் பேப்பரின் காலம் முடிவதற்குள், முன்சாமி நெருப்பு மிதித்தார். என்னை அழைத்திருந்தார்கள். சிஸ்டரும் வந்து வேலியோரம் கூட்டத்தில் நின்றிருந்தார். மிதித்து முடித்ததும் பூசாரி ஒலிபெருக்கியில், "நம்ம டாக்டரு, லீவுல இருந்த சிஸ்டர அனுப்பி, ஒரு உசுரக் காப்பாத்தினாரு," என்று சொல்லி எனக்குப் பெரிய மாலை போட்டார். கூட்டம் கை தட்டியது. நான் சிஸ்டரை அனுப்பவில்லை. சிஸ்டர்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். ஒலிபெருக்கி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கும்பிட்டேன்.

இதற்கும் உடனே ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டேன். கலகத்துக்கு அடுத்த ஆண்டு ஒரு ஃபிஜியர் தானாக நம்மைத் தேடி வருவார் என்பதை இந்தக் கூட்டத்தால் நம்ப முடியாது, நம் ஆள்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். திரும்பும்போது ஜீப்பில் சிஸ்டர், "மாலை நல்லா இருக்கு, டாக்டர்," என்றார். அது கேலியா, கோபமா, வெறும் பேச்சா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. முன்சாமி குடும்பம் வான்கூவருக்குப் போனது. என் விண்ணப்பம் இழுப்பறையிலேயே இருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்று இப்போது லவுட்டோகா பக்கம் ட்ராசாவில் இருக்கிறேன். போன ஆண்டு ஊர் பார்க்க வந்த முன்சாமி என் வீட்டைத் தேடி வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது, கையில் கனடாவின் சாக்லேட் டப்பா. தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் உங்களைத் தவறாக அனுப்பினேன். சனிக்கிழமை நான் சிஸ்டரை அனுப்பவில்லை. மாலை எனக்குரியதல்ல.

அவர் பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அது தெரியுமே, டாக்டர்."

"என்ன தெரியும்?"

"அல்லாமே. ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே தேவகி சிஸ்டர்கிட்ட கேட்டு வெச்சிக்கினா. வருசா வருசம் கிறிஸ்மஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போன்ல பேசிக்குவாங்க. எங்க பொண்ணு கல்யாணத்துக்கு சிஸ்டர் பாய் அனுப்பி வெச்சாங்க, அவங்க கையால பின்னினது."

"அப்புறம் ஏன் எனக்கு மாலை?"

"பூசாரி அந்த மாலைய வாங்கினதே சிஸ்டருக்குத்தான். அவங்கதான் வேணாம்னுட்டாங்க. 'இந்த வருசம் உங்க கோயில்ல நான் மாலை போட்டுக்கினா, எங்க கிராமத்துல என்னைக் கேள்வி கேப்பாங்க. டாக்டருக்குப் போடுங்க, நான்தான் சொன்னேன்னு சொல்லாதீங்க'ன்னாங்க. மைக்குல சொன்னதுகூட அவங்க சொல்லிக் குடுத்ததுதான்." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறமா சிஸ்டரே உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தோம்? நீங்க கேக்கவே இல்லியே," என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குற்றத்தைச் சுமந்து, அதற்கு ஒரு விளக்கத்தையும் சுமந்திருந்தேன். இரண்டையும் நானாக நினைத்திருந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ. கோப்பையைக் கீழே வைத்தார், ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அந்த நிலையிலேயே, "பாருங்க டாக்டர்," என்பதுபோல ஏதோ குழறினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். வெளிர்சிவப்பு.